அப்பாவின் படிவத்தை அப்பாவோடு உட்கார்ந்து நிரப்புங்கள்

கேள்வி: 76 வயது அப்பாவும் அம்மாவும் முதல்முறையாகத் துணையில்லாமல் வெளிநாடு போகிறார்கள். முதலில் சிங்கப்பூரில் பத்து நாள், அப்புறம் மலேசியா. ஆன்லைனில் ஏதோ வருகை அட்டை நிரப்ப வேண்டுமாமே? அப்பாவுக்கு ஃபோனில் பேச மட்டும்தான் தெரியும். பயணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, இப்போதே நானே நிரப்பி வைத்துவிடலாமா?

பதில்: இப்போது முடியாது. வருகை அட்டை என்பது நாம் வருவதை அந்த நாட்டுக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் ஆன்லைன் படிவம். சிங்கப்பூர் அட்டையை, போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் அனுப்ப வேண்டும். மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டைக்கும் அதே மூன்று நாள் கணக்குதான். அப்படியென்றால், பத்து நாள் சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் பெற்றோருக்கு மலேசியா அட்டையை அவர்கள் அங்கே இருக்கும்போதுதான் நிரப்பியாக வேண்டும், பலர் கோட்டை விடுவது இந்த இரண்டாவது அட்டையில்தான். கிளம்பும் முன்பே இருவரின் பாஸ்போர்ட் பக்கத்தையும் தெளிவாகப் படம் எடுத்து, மலேசியாவில் தங்கும் முகவரியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தேதிக்கு ஃபோனில் அலாரமும் வையுங்கள். வீட்டில் இருந்தபடியே நீங்கள் நிரப்பலாம். ஒருவருக்கு ஒரு அட்டை, கணவன் மனைவி என்றாலும் இருவர் விவரமும் தனித்தனியாகப் போக வேண்டும். இது விசா இல்லை என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். படிவத்தை நிரப்பும்போது ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் வாசித்துச் சொல்லி, பதிலை அப்பா வாயாலேயே வாங்குங்கள், தூரத்தில் இருந்தால் ஃபோனில் கேட்டு வாங்குங்கள். என் அத்தைக்கு ஒருமுறை அவசரமாக நானே எல்லாவற்றையும் தட்டி அனுப்பிவிட்டேன். தங்கும் இடம் என்று ஹோட்டல் முகவரியைப் போட்டிருந்தேன். கவுன்ட்டரில் அதிகாரி எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டபோது அத்தை, 'மகள் வீட்டில்' என்று சொல்லியிருக்கிறார், இரண்டும் உண்மைதான், முதல் இரண்டு நாள் ஹோட்டல், அப்புறம் மகள் வீடு. ஆனால் படிவத்தில் என்ன இருக்கிறது என்றே அத்தைக்குத் தெரியாது. கைகால் நடுங்க அரை மணி நேரம் நின்றாராம். அதிகாரி மேல் தப்பில்லை. எழுதியது நான், பதில் சொல்ல நின்றது அவர். படிவத்தின் கடைசியில் 'மேலே உள்ளவை உண்மை' என்று டிக் அடிக்கிறோமே, அந்த உறுதிமொழி பயணியுடையது, நம்முடையது இல்லை.

கேள்வி: அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கிறது. படிவமோ அதைக் கேட்கிறது. அப்பா பெயரைப் போடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். நம் ஆட்களுக்கு இனிஷியல்தானே, குடும்பப் பெயர் ஏது, அதனால் இந்தச் சிக்கல் வீட்டுக்கு வீடு இருக்கிறது. பாஸ்போர்ட்டில் இல்லாத ஒரு பெயரைச் சேர்த்தால் இயந்திரம் படிக்கும் பெயரும் படிவத்தின் பெயரும் ஒத்துப்போகாது. பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில் அடியில் இரண்டு வரி இருக்கும், வரிக்கு 44 எழுத்து, இடையிடையே அம்புமுனை போன்ற குறிகள். அதில் முதல் வரியில் உள்ள பெயர்தான் கணக்கு. ஒற்றைப் பெயர் உள்ளவர்கள் எந்தக் கட்டத்தில் எழுதுவது, எதைக் காலியாக விடுவது என்பது நாட்டுக்கு நாடு மாறும், பெரும்பாலும் கட்டத்தின் பக்கத்திலேயே சிறிய எழுத்தில் குறிப்பு இருக்கும், அதன்படி செய்யுங்கள். விமான டிக்கெட்டைப் பார்த்து நிரப்பாதீர்கள், டிக்கெட்டில் சில நேரம் ஒரே பெயரை இரண்டு முறை அடித்திருப்பார்கள்.

இன்னொன்று, இந்திய பாஸ்போர்ட் எண்ணில் பெரும்பாலும் முதலில் ஒரு ஆங்கில எழுத்து, அப்புறம் ஏழு இலக்கம். ஆக, அந்த இலக்கங்களில் வட்டமாகத் தெரிவது பூஜ்யம்தான், 'ஓ' இல்லை.

கேள்வி: தாய்லாந்து அட்டைக்கு ஒரு இணையதளம் பணம் கேட்கிறது. கட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2025 மே 1 முதல் நடைமுறையில் இருக்கும் அந்த டிஜிட்டல் அட்டை இலவசம். சிங்கப்பூர், மலேசியா அட்டைகளும் இலவசமே. கூகுளில் தேடினால் மேலே வருவது விளம்பரமாக இருக்கலாம். இணையதளப் பெயர், அதாவது முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு (/) முன் உள்ள பகுதி, அரசைக் குறிக்கும் எழுத்துகளில் முடிகிறதா என்று பாருங்கள், சிங்கப்பூருக்கு '.gov.sg' என்றும் மலேசியாவுக்கு '.gov.my' என்றும் தாய்லாந்துக்கு '.go.th' என்றும் முடியும். போலித் தளத்தில் போவது பணம் மட்டும் இல்லை, பெரியவரின் பாஸ்போர்ட் எண்ணும் பிறந்த தேதியும் கூடவே போகிறது. எனக்கு இதில்தான் அதிகக் கவலை.

கேள்வி: எனக்கு 71 வயது, தனியாக இருக்கிறேன். பிள்ளைகளை ஒவ்வொரு முறையும் தொந்தரவு செய்யாமல் நானே நிரப்பக் கற்றுக்கொள்ள முடியுமா?

பதில்: முடியும் அம்மா. நீங்கள் கேட்டதே எனக்கு அவ்வளவு சந்தோஷம். முதலில் படிவத்தைத் திறக்காதீர்கள். ஒரு தாளில் பெரிய எழுத்தில் பாஸ்போர்ட் எண், அது முடியும் தேதி, விமான எண், தங்கும் முகவரி அஞ்சல் குறியீட்டோடு, உங்கள் மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வழியில் விமானம் மாறினால், அந்த நாட்டில் போய் இறங்கும் கடைசி விமானத்தின் எண்தான் வேண்டும். இரவு விமானம் என்றால் இறங்கும் தேதி மறுநாளாக இருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தாள் கையில் இல்லாமல் ஆரம்பித்தால், நடுவில் எழுந்து பாஸ்போர்ட் தேடும் நேரத்தில் பக்கம் காலாவதியாகி எல்லாம் அழிந்துவிடும், அந்த எரிச்சலில்தான் பலர் இனி வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

பிறந்த வருடம் கேட்கும் இடத்தில் மாதம் மாதமாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போக வேண்டாம், மேலே உள்ள வருட எண்ணைத் தொட்டாலே பெரும்பாலும் வருடங்களின் பட்டியல் திறக்கும். மகனின் பழைய ஃபோன் என்றால் கவனம், அவர் பெயரையும் எண்ணையும் அதுவாகவே நிரப்பிவிடும். காய்ச்சல், இருமல் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், பயந்து இல்லை என்று போட வேண்டாம். மாத்திரைகளை அவை வந்த உறையோடு, மருத்துவர் சீட்டோடு எடுத்துப் போங்கள்.

அனுப்பும் முன் தாளையும் திரையையும் எழுத்து எழுத்தாக ஒருமுறை ஒப்பிடுங்கள். உறுதிச் சீட்டு மின்னஞ்சலில் வந்ததும் அதைப் படமாக ஃபோனில் சேமித்து, ஒரு பிரதி அச்செடுத்து பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வையுங்கள், இறங்கிய இடத்தில் இணையம் கிடைக்காவிட்டாலும் கையில் இருக்கும்.