சஞ்சிகை அட்டையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் சிலர் சேர்ந்து காலாண்டுச் சஞ்சிகை ஒன்று தொடங்குகிறோம். ஏ4 அளவு, 64 பக்கம். முதல் இதழ் கூத்துச் சிறப்பிதழ். அட்டைக்கு மூன்று மாதிரிகள் செய்திருக்கிறோம், ஆளுக்கொன்று பிடித்திருக்கிறது. எதை வைத்துத் தீர்மானிப்பது?

பதில்: எது அழகு என்று பேசத் தொடங்கினால் விடியும்வரை பேசலாம். வாசகர் இந்த அட்டையை முதலில் எங்கே, எவ்வளவு தூரத்தில் பார்ப்பார் என்று கேளுங்கள். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கடைவாசலில் மற்றச் சஞ்சிகைகளுக்கு இடையில் தொங்கினால், பெரும்பாலும் மேல் மூன்றிலொரு பங்குதான் வெளியே தெரியும். வட்சப்பில் போனால் பெருவிரல் அகலம்தான்.

மூன்றையும் உண்மை அளவில் சாதாரணத் தாளில் அச்செடுத்து, தெரிந்த கடைக்காரரிடம் கேட்டுத் தொங்கவிட்டு, எட்டடி தள்ளி நின்று பாருங்கள். பெயர் வாசிக்க முடிகிறதா? பிறகு கறுப்பு வெள்ளையில் போட்டோக்கொப்பி எடுங்கள். பச்சை வயல் மேல் சிவப்பு எழுத்து கணினியில் பளிச்சென்று இருக்கும். கொப்பியில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிட்டால், தூரத்திலும் அந்தப் பெயர் எடுபடாது. நிறம் வேறானால் போதாது, வெளிச்ச அளவும் வேறாக வேண்டும்.

நூலகம் இணையத்தளத்தில் பழைய ஈழத்துச் சஞ்சிகைகள் கிடைக்கின்றன. ஒரே சஞ்சிகையின் பத்து இதழ்களை அடுத்தடுத்து வைத்து, எது மாறவில்லை என்று பாருங்கள். டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய மல்லிகை, எழுத்தாளர், கலைஞர் முகங்களை அட்டையில் தந்தது. யாரை மதிக்கிறோம் என்பதை அட்டையே சொல்லிவிட்டது. டைம் 1927 முதல் சிவப்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் உங்களுக்கு இது இன்னும் முக்கியம். பெயரின் எழுத்துருவையும் இடத்தையும் இதழுக்கு இதழ் மாற்றவே மாற்றாதீர்கள்.

படத்துக்கு வருவோம். கல்லடிப் பாலமும் வாவியும் ஊரைச் சொல்லும், இந்த இதழைச் சொல்லாது. வட்டக்களரியில் (கூத்தாடும் வட்ட மேடையில்) நிற்கும் முழுக் குழுவின் படம் அட்டையில் புள்ளிபுள்ளியாகிவிடும். வடமோடி என்ற கூத்து வகையை ஆடும் ஒரு கூத்தரின் முகத்தையும் கிரீடத்தையும் கிட்டத்தில் எடுங்கள், கண் தெளிவாக இருக்கட்டும். மேலே பெயருக்கு வெறும் இடம் விட்டே எடுக்கச் சொல்லுங்கள். உள்ளடக்கத் தலைப்புகள் மூன்றுக்கு மேல் வேண்டாம்.

தமிழெழுத்துக்கு மேலும் கீழும் இடம் வேண்டும். இரண்டு வரியில் பெயர் போட்டால் மேல்வரி ‘மூ’வின் வாலும் கீழ்வரி ‘கீ’யின் சுழியும் முட்டும், வரி இடைவெளியைக் கூட்டுங்கள். எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் ‘கொ’ மூன்று துண்டாகிவிடும். சஞ்சிகையின் முதுகில் பெயர் போடும் எண்ணமும் வேண்டாம்: 64 பக்கம் என்றால் 32 தாள், 80 கிராம் (சதுர மீற்றருக்கு) தாளில் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர்தான். நடுவில் கம்பிப் பின் அடித்தால் போதும்.

அச்சகத்துக்குக் கொடுக்கும்போது முன்னட்டை, பின்னட்டை சேர்த்து 426 × 303 மில்லிமீற்றர். நாலு பக்கமும் 3 மில்லிமீற்றர் வெட்டுக்குப் போகும்; அதை விடாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக்கோடு விழும். எழுத்தை வெட்டுக்கோட்டிலிருந்து 10 மில்லிமீற்றர் உள்ளே வையுங்கள். முன்னட்டைப் படம் 2480 × 3508 பிக்சலுக்குக் குறையக்கூடாது. வட்சப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டொக்கியுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். திரையில் மின்னும் வாவி நீலம் நாலு நிற அச்சில் மங்கும். அந்த நாலு மை நிறமுறையான சிஎம்வைகேக்கு மாற்றிப் பார்த்துவிட்டே ஒப்புக்கொள்ளுங்கள். சின்ன எழுத்துகளுக்குத் தனிக் கறுப்பு மட்டும். நாலு மையும் கலந்தால், அச்சுத் தகடு சற்று விலகினாலே ஓரம் இரட்டையாகத் தெரியும். யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டச்சு செய்திருந்தால் எழுத்துகளைக் கோட்டுருவாக (அவுட்லைனாக) மாற்றிப் பிடிஎஃப் கொடுங்கள். இல்லையெனில் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தலைப்பு ஆங்கில எழுத்தாகச் சிதறும்.

அட்டைக்கு 250 கிராம் ஆர்ட் போர்ட் (வழவழப்பான தடித்த தாள்) சரி. மடிக்குமுன் மடிப்புக்கோடு போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மடிப்பில் மை வெடிக்கும். மாதிரி அச்சைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து, இதழ் எண், மாதம், விலை மூன்றையும் இரண்டு பேர் வாய்விட்டு வாசித்தபிறகு கையெழுத்து வையுங்கள்.