விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறியதும் எதுவும் கைக்கு அகப்படவில்லை. பழகிக்கொள்ள வழி என்ன?

பல வருடம் விண்டோஸ் 10-ல் வேலை பார்த்தவர் நீங்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். "வயசாகிவிட்டது, புதுசு ஏறாது" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கை பழகிய இடங்களை எல்லாம் மாற்றி வைத்தால் யாருக்கும் தடுமாறத்தான் செய்யும்.

ஸ்டார்ட் பட்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு அது இடது கீழ் மூலையில் இருந்தது. மூலை என்பது மவுஸுக்கு முட்டுச்சுவர் மாதிரி. பார்க்காமல் தள்ளினாலும் போய் நிற்கும். 2021 அக்டோபர் 5-ல் வெளியான 11 அதை நடுவுக்குக் கொண்டுவந்தது. அங்கேயும் அது ஓரிடத்தில் நிற்பதில்லை. ஐகான் வரிசை மொத்தமும் நடுவில் அமைவதால், புதிதாக ஒரு புரோகிராம் திறந்தாலே ஸ்டார்ட் பட்டன் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்துவிடும். பழைய மூலையிலோ இப்போது வானிலை காட்டும் விட்ஜெட் இருக்கிறது. பழக்கத்தில் மவுஸ் அங்கே போய்ச் சற்று நின்றாலே, கிளிக் செய்யாமலே செய்திப் பலகை திறந்து வேலையை மறைக்கிறது.

இதற்கு ஒரு நிமிட வேலைதான். டாஸ்க்பாரின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து டாஸ்க்பார் செட்டிங்ஸுக்குப் போங்கள். டாஸ்க்பார் ஐட்டம்ஸில் விட்ஜெட்ஸை அணையுங்கள். கீழே டாஸ்க்பார் பிஹேவியர்ஸில் அலைன்மென்ட்டை லெஃப்ட் ஆக்குங்கள். அதே பக்கத்தில், பட்டன்களைச் சேர்த்துக் காட்டும் 'கம்பைன்' என்பதை நெவர் ஆக்கினால், திறந்திருக்கும் ஒவ்வொரு விண்டோவும் பெயரோடு தனித்தனியாகத் தெரியும். 11 வெளியானபோது இந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். 2023-ல்தான் திரும்பி வந்தது. உங்களிடம் அது இல்லை என்றால் அப்டேட் பாக்கி என்று அர்த்தம்.

அடுத்த தலைவலி ரைட் கிளிக் மெனு. பழைய புரோகிராம்கள் சேர்த்து வைத்த கட்டளைகள் எல்லாம் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் போய்விட்டன. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்யுங்கள், முழுப் பழைய மெனுவே நேராக வரும். கட், காப்பி, ரீநேம் மூன்றும் ஐகான் வரிசையாகிவிட்டன. அந்த வரிசை மெனு திறக்கும் இடத்தைப் பொறுத்து மேலேயும் வரும், கீழேயும் வரும். அதைக் கண்ணால் தேடிப் பழகுவது வீண். எஃப்2 அழுத்தினால் ரீநேம், கன்ட்ரோல்-சி காப்பி, டெலீட் கீ அழிக்க. எந்தப் பதிப்பு வந்தாலும் இவை இடம் மாறவில்லை. விண்டோஸ் கீயோடு எக்ஸ் அழுத்தினால் டிவைஸ் மேனேஜர், டிஸ்க் மேனேஜ்மென்ட் எல்லாம் ஒரே பட்டியலில் வரும். அதே கீயோடு ஐ அழுத்தினால் செட்டிங்ஸ். விண்டோஸ் கீயோடு 1, 2, 3 என்று எண்ணை அழுத்தினால் டாஸ்க்பாரில் அந்த இடத்தில் உள்ள புரோகிராம் திறக்கும்.

ஒரு இடத்தில் கவனம் வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் வரும் 'ரெகமெண்டட்' பகுதி பிடிக்காமல், சமீபத்தில் திறந்த ஃபைல்களைக் காட்டும் சுவிட்சைப் பலர் அணைத்துவிடுகிறார்கள். அந்த ஒரே சுவிட்சில்தான் டாஸ்க்பார் ஐகானை ரைட் கிளிக் செய்தால் வரும் சமீபத்திய ஃபைல் பட்டியலும், ஃபைல்களைத் திறந்து பார்க்கும் எக்ஸ்ப்ளோரரில் வரும் பட்டியலும் தொங்குகின்றன. அணைத்தால் மூன்றும் போகும். அதற்குப் பதில் ஸ்டார்ட் செட்டிங்ஸில், நீங்கள் பொருத்தி வைத்த ஐகான்களுக்கு இடம் கூட்டும் 'மோர் பின்ஸ்' தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள், ரெகமெண்டட் சுருங்கும்.

"பழைய தோற்றத்தை அப்படியே தரும் மென்பொருள் இருக்கிறதே, அதைப் போட்டால் ஆயிற்று" என்று சிலர் எழுதுவார்கள். அவை மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவற்றில் பல, டாஸ்க்பாரையும் நடத்தும் எக்ஸ்ப்ளோரருக்குள் புகுந்து அதன் உள்வேலையையே மாற்றுகின்றன. பெரிய அப்டேட் வந்து உள்ளே ஏதாவது மாறினால் டாஸ்க்பார் வந்து வந்து மறையும். அப்போது கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'ரன் நியூ டாஸ்க்' வழியாகக் கன்ட்ரோல் பேனலுக்குப் போய் அந்த மென்பொருளை நீக்கத் தெரிய வேண்டும். தெரியாதவர் கணினியில் அதைப் போட்டுவிடாதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். கணினியைத் திறந்ததும் 'அமைப்பை முடித்துவிடலாம்' என்று முழுத் திரையில் ஒரு பக்கம் வருகிறதே, அதில் 'வேண்டாம்' என்ற பட்டனே கிடையாது. 'மூன்று நாளில் நினைவூட்டு' என்றுதான் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியவர் வேண்டாம் என்று சொல்ல ஒரு பட்டன் வைப்பதில் என்ன குறைந்துவிடும்? செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் போய், கடைசியில் உள்ள அடிஷனல் செட்டிங்ஸில் இருக்கும் டிக் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

இத்தனைக்கும் ஒத்துவரவில்லை என்றால், 10-ன் மேலேயே 11-ஐ ஏற்றியவர்கள் 10 நாளுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிக்கவரி, 'கோ பேக்' வழியாகத் திரும்பலாம். அதுவரை டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் ஃபைல்களை அழிக்காதீர்கள்; அழித்தால் அந்த வழி அடைபடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் வைத்து முடிவெடுங்கள்.