எல்லோருக்கும் கோடிங் தெரிந்தும் புராஜெக்ட் ஏன் இழுக்கிறது?

"டீமில் ஆறு பேருக்கும் ஜாவா நன்றாக வரும், ஆனாலும் டெலிவரி தள்ளிக்கொண்டே போகிறது, ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மொழி தெரிவது திறமையில் சிறு பங்குதான்.

மென்பொருள் பொறியியல் அறிஞர் பேரி போம் 1981-இல் வெளியிட்ட கோகோமோ முறையைப் பாருங்கள்; ஒரு மென்பொருளுக்கு எவ்வளவு உழைப்பு பிடிக்கும் என்று மதிப்பிடும் முறை அது. நிரல்மொழி அனுபவம் மிகக் குறைவென்றால் உழைப்பு வழக்கத்தைப்போல் 1.14 மடங்கு, நன்றாக இருந்தால் 0.95. ஆனால் தேவையை அலசிப் புரிந்துகொள்ளும் ஆற்றலுக்கு அந்த எண் 1.46-லிருந்து 0.71 வரை இறங்குகிறது. அதாவது, அதே வேலைக்கு இரண்டு மடங்கு வித்தியாசம்!

இதை மதுரையில் கண்ணாலேயே பார்த்தேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுதினோம். மல்லிகைக்கு ஒரு நாளைக்கு ஒரே விலை என்று வைத்து டேபிள் போட்டுவிட்டோம். ஆனால் அங்கே விடியற்காலையில் ஒரு விலை, பத்து மணிக்கு வேறு விலை. கடைக்காரர் துண்டுச்சீட்டில் பழைய விலையை அடித்துவிட்டுப் புதியதை எழுதுவதை எங்கள் டெஸ்டர்தான் கவனித்தார். அவருக்கு நிலக்கோட்டைப் பக்கம், அப்பா பூ விவசாயி. முதல் மீட்டிங்கிலேயே அவரை உட்கார வைத்திருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

அப்புறம், தாமதமானதும் ஆள் சேர்க்காதீர்கள். ஆறு பேருக்குள் 15 ஜோடிகள் பேசிக்கொள்ள வேண்டும். பத்துப் பேரானால் 45. புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரமும் பழையவர்களுடையதுதான். ஐபிஎம்மில் பெரிய மென்பொருள் புராஜெக்ட்டை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975-லேயே எச்சரித்தது இதைத்தான்.

சரி, இப்போதைக்கு ஒருவரைப் பயனரின் இடத்தில் ஒரு முழு நாள் உட்கார வையுங்கள்.