மயக்க மருந்துக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

கேள்வி: நாங்கள் ஆரிய வைசியர். குடலிறக்க ஆபரேஷனுக்குப் பிறகு என் சித்தப்பாவால் பல மணி நேரம் தானாக மூச்சுவிட முடியவில்லை, வென்டிலேட்டரில் வைத்திருந்தார்கள். அடுத்த மாதம் எனக்குப் பித்தப்பை ஆபரேஷன். நான் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா? ஏதாவது தெரியவந்தால் இன்சூரன்ஸுக்கோ மகள் கல்யாணத்துக்கோ சிக்கல் வருமா?

பதில்: ஆபரேஷனுக்கு முன்பே கேட்டீர்களே, மிகவும் நல்லது. சித்தப்பாவுக்கு நடந்ததைப் பார்த்தால், சக்சினைல்கோலின் என்ற மருந்தின் மீதுதான் என் சந்தேகம். தொண்டையில் குழாய் போடுவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் ஊசி அது. ரத்தத்தில் இருக்கும் சூடோகோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதைச் சிதைத்துவிடுவதால், பத்து நிமிடத்துக்குள் அதன் வேகம் அடங்கிவிடும். பிறவியிலேயே அந்த நொதி குறைவாக இருப்பவர்களுக்கு மூச்சுத் தசைகள் மணிக்கணக்கில் அசையாது. அதுவரை வென்டிலேட்டரில் வைத்துக் கவனித்தால் முழுமையாகத் தேறிவிடுவார்கள்.

உங்கள் சமூகத்தில் இந்தக் குறை அதிகம் என்று மயக்கவியல் மருத்துவர்கள் அனுபவத்தில் முன்பே கவனித்திருந்தார்கள். காரணத்தை மரபணு ஆய்வு காட்டியது. ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் விஞ்ஞானிகளும் ஹார்வர்டு குழுவினரும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட ஆய்வு, தெற்காசியாவில் 263 சமூகங்களை அலசியது. முன்னோர் சிலராகவே இருந்து, பிறகு பல தலைமுறை உள்ளுக்குள்ளேயே மணமுடித்தால் அவர்களில் ஒருவரிடம் இருந்த அரிய மாற்றம்கூடப் பலருக்குப் பரவிவிடும். மரபணுவில் இப்படிப் பதியும் தடயம், அதற்குப் பெயர்போன ஃபின்லாந்து மக்களைவிடவும் 81 சமூகங்களில் ஆழமாக இருந்தது. வைசியர் சமூகமும் அதில் ஒன்று, அவ்வளவுதான். இதில் எந்தச் சாதிக்கும் இழுக்கு இல்லை.

சரி, உங்களுக்கு என்ன தேவை? மரபணுப் பரிசோதனைக்கு இப்போது செலவழிக்காதீர்கள். சூடோகோலினெஸ்டரேஸ் அளவைப் பார்க்கும் சாதாரண ரத்தப் பரிசோதனை முதலில் போதும். பூச்சிமருந்து குடித்து வருபவர்களுக்குச் செய்யும் அதே பரிசோதனைதான். ரிப்போர்ட்டையும், கிடைத்தால் சித்தப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியையும் மயக்க மருத்துவரிடம் நீங்களே காட்டுங்கள். நொதி குறைவு என்றால் ரோகுரோனியம் போன்ற வேறு மருந்து கொடுப்பார். ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. நொதி குறைவாக இருந்தால், அதே நொதியால் சிதையும் மிவாகுரியம் என்ற தசைத் தளர்த்தியும் உங்களுக்கு ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இன்சூரன்ஸ் பற்றி: மரபணுக் கோளாறு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி விலக்கிவைப்பது பாரபட்சம் என 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் காரணத்துக்காக க்ளெய்மை நிராகரிக்கக் கூடாதென்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயும் அதே ஆண்டு உத்தரவிட்டது. ஆனாலும் மரபணுப் பாகுபாட்டைத் தடுக்க அமெரிக்காவில் 2008-லேயே தனிச் சட்டம் வந்தது. இங்கே இன்னும் இல்லை. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

கல்யாணத்துக்கு இது எந்த வகையிலும் தடையில்லை. அந்த மருந்துகள் உடலில் ஏறாதவரை அன்றாட வாழ்க்கையில் எந்தத் தொந்தரவும் வராது. மகளுக்கும் இப்போதே அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். கர்ப்ப காலத்தில் நொதி இயல்பாகவே குறையும் என்பதால் அப்போது பார்த்தால் குழப்பம்தான். அவசர சிசேரியன் என்று வந்தால், குடும்ப வரலாற்றை விசாரிக்க யாருக்கும் நேரம் இருக்காது.