குடியிருக்கும் வீட்டைச் சீர்ப்படுத்துதல்: கேள்விகளும் பதில்களும்

கட்டடப் பராமரிப்புப் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், வீட்டைப் புதுப்பிப்பது குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எதை வாங்கலாம் என்றே பலரும் கேட்டிருக்கிறீர்கள். ஈரமும் வெப்பமும் அடங்காத வீட்டில் புதுத் திரைச்சீலை மாட்டிப் பயனில்லை என்பதால், என் பதில்கள் பெரும்பாலும் அவற்றைச் சுற்றியே இருக்கும்.

கேள்வி (மடிப்பாக்கம்): ஐயா, எங்கள் கூடத்துச் சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு வண்ணம் உரிந்து வெள்ளைப் பொடி உதிர்கிறது. இரண்டு முறை பட்டி பார்த்து வண்ணம் பூசியும் அடுத்த மழைக்காலத்தில் திரும்ப வந்துவிட்டது. ஈரம் தாங்கும் வண்ணம் ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு என்று சொல்லி விற்பார்கள், அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். உங்கள் சுவரில் ஏறியிருப்பது ஓதம். மண்ணின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே ஏறும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. சுவரின் மேற்பரப்பில் ஈரம் உலர்ந்துவிட, உப்பு மட்டும் அங்கேயே படிகமாகிப் பூச்சையும் வண்ணத்தையும் உள்ளிருந்து நெட்டித் தள்ளுகிறது. உங்கள் விரலில் ஒட்டும் வெள்ளைப் பொடி அந்த உப்புதான். காற்றுப் புகாத வண்ணத்தை உட்புறம் பூசினால், உலர வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும், இரண்டடி மூன்றடியாகும்.

முதலில் வெளியே போய் அதே சுவரின் மறுபுறத்தைப் பாருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் சாலைமேல் சாலை போட்டுத் தெரு உயர்ந்துபோன இடங்களில், மழைநீர் உள்ளே வராமலிருக்க வீட்டுக்காரர்களும் சுற்றிலும் மண் கொட்டி உயர்த்திவிடுகிறார்கள். அந்த மண்ணோ அதன்மேல் போட்ட சிமென்டுத் தளமோ அடித்தளத்தின் மேலுள்ள ஈரத்தடுப்புப் பட்டையைத் தாண்டிவிட்டால், பட்டை இருந்தும் இல்லாததாகிவிடும். சுவரை ஒட்டிய மண்ணை ஓரடி அகலத்துக்காவது இறக்கி, நீர் சுவரைவிட்டு விலகி ஓடுமாறு சரிவு கொடுங்கள். கோடையிலும் ஈரம் குறையவில்லை என்றால் குழாய்க் கசிவைச் சந்தேகிக்க வேண்டும்: இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்து, விடிந்ததும் பாருங்கள்.

காரணம் தீர்ந்த பிறகு, ஈரம் தெரியும் உயரத்துக்கு மேலும் ஓரடி வரை உப்பேறிய பூச்சைக் கொத்தியெடுத்து, கோடை முழுவதும் சுவரை அப்படியே உலரவிடுங்கள். விருந்தினர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். அதன்பின் புதிதாகப் பூசி, அதுவும் ஒரு மாதம் உலர்ந்தபின் சுண்ணாம்பு அடிப்பது நல்லது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியேற விடும். அதன் காரத்தன்மையால் பூஞ்சணமும் எளிதில் பிடிக்காது.

கேள்வி (மதுரை): நாங்கள் மேல்மாடியில் குடியிருக்கிறோம். பகலைவிட இரவில்தான் புழுக்கம் தாங்க முடிவதில்லை. ஏசி வாங்குவதற்கு முன் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

பதில்: கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை வாங்கிச் சேர்த்து, பல மணி நேரம் கழித்து அதை அறைக்குள் விடுகிறது, படுக்கும் நேரத்தில் கூரையின் அடிப்புறத்தைத் தொட்டுப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். ஆகவே வெயில் தளத்துக்குள் இறங்குவதற்கு முன்பே அதைத் திருப்பியனுப்ப வேண்டும். பங்குனி பிறப்பதற்குள் மொட்டைமாடியைத் தேய்த்துக் கழுவி, விரிசல்களை அடைத்து, பசை கலந்த சுண்ணாம்பையோ வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சையோ இரண்டு மூன்று கைகள் அடியுங்கள். தூசி படிந்து பழுப்பேறினால் பலன் குறைந்துவிடும் என்பதால் கோடையின் நடுவில் ஒருமுறை கழுவிவிட வேண்டும். நீர் தேங்கும் பள்ளங்களில் சுண்ணாம்பு நில்லாது. முதலில் அவற்றைச் சரிவாக்கிக்கொள்ளுங்கள். பழைய முறைப்படி செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு மேலே தட்டோடு பதித்த தளம் உங்களுடையது என்றால், அது இன்றும் நல்ல காப்புத்தான், பெயர்த்துப்போட்டுவிடாதீர்கள்.

மேற்குச் சன்னலுக்கு உட்புறத் திரை பெரிதாக உதவாது. கண்ணாடியைக் கடந்த வெப்பம் வீட்டுக்குள் வந்துவிட்ட வெப்பம்; மூங்கில் தட்டியை வெளிப்புறம் தொங்கவிட்டால் அது வாசலிலேயே நின்றுவிடும். வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளிப்பது மதுரையின் வறண்ட வெயிலுக்கு ஏற்றது. கடலோர ஊர்களில் காற்றே ஈரமாக இருப்பதால் அவ்வளவு குளிர்ச்சி தராது. பகலில் சன்னல்களைச் சாத்தி, வெளிக்காற்று குளிர்ந்தபின் எதிரெதிராக இரண்டைத் திறந்துவையுங்கள். ஒன்றை மட்டும் திறந்தால் காற்று வரும் வழியுண்டு, போகும் வழியில்லை.

கேள்வி (கோயம்புத்தூர்): காற்றைச் சுத்திகரிக்கும் செடிகள் என்று மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட் முதலியவற்றை விற்கிறார்கள். எத்தனை தொட்டி வைக்கலாம்?

பதில்: இந்த நம்பிக்கைக்கு வேர் நாசா 1989இல் வெளியிட்ட ஆய்வு. அது காற்றுப் புகாத சிறு அறைகளில் நடந்த சோதனை. சன்னல் உள்ள வீட்டில் வெளிக்காற்று செய்யும் அளவுக்குச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்குக் குறைந்தது பத்துச் செடிகளாவது, சில வாயுக்களுக்கு ஆயிரம் வரைகூட, தேவைப்படும் என்று 2019இல் வெளியான ஒரு மறுஆய்வு கணக்கிட்டது. ஆகவே கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்பதற்காகச் செடி வையுங்கள், காற்றுக்காகச் சன்னலைத் திறவுங்கள். தொட்டியின் அடித்தட்டில் நிற்கும் நீரிலும் மணி பிளான்ட் பாட்டிலிலும் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஏழெட்டு நாளில் முட்டையிலிருந்து முழுக் கொசுவாகிவிடும். அதன் முட்டை ஈரமின்றியும் மாதக்கணக்கில் கிடக்கும் என்பதால், வாரம் ஒருமுறை நீரைக் கொட்டுவதோடு உட்புறத்தையும் நாரால் தேய்த்துக் கழுவுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): பாட்டி காலத்து வீட்டில் கதவு, சன்னல்களின் பழைய பெயின்டைத் தேய்த்தெடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க இருக்கிறோம். இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது.

பதில்: நல்லவேளை, தேய்ப்பதற்கு முன் கேட்டீர்கள். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய அடுக்குகளில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு எனாமல்களில், ஈயம் மிகுதியாக இருக்கலாம். அந்தத் தூசி குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வேலை முடியும்வரை குழந்தையையும், கருவுற்றவர் எவரேனும் இருந்தால் அவரையும் வேறு வீட்டில் தங்கவையுங்கள். உப்புத்தாளை நனைத்தே தேய்க்கச் சொல்லுங்கள்; தேய்ப்பவர் முகக்கவசம் அணியட்டும். சிதறியதைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள். உரியாமல் உறுதியாக நிற்கும் இடங்களைத் தேய்க்கவே வேண்டாம்; மேலேயே அடித்துவிடலாம்.

கேள்வி (திருநெல்வேலி): பரண் நிறையப் பழைய பொருட்கள். போகியன்று எரித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். பிளாஸ்டிக்கும் டயரும் எரிந்த புகையை முதலில் சுவாசிப்பது உங்கள் வீட்டார்தான். பித்தளை, இரும்பு, தாள் எல்லாவற்றுக்கும் இன்றும் விலையுண்டு, பேரீச்சம்பழம் தரும் வண்டிதான் வருவதில்லை. துணிகளில் உடுத்தத் தக்கவற்றைத் துவைத்துக் கொடுங்கள்.

கேள்வி (ஈரோடு): தனியாக இருக்கும் எழுபது வயது அம்மாவுக்காக வீட்டில் எதை முதலில் மாற்றுவது?

பதில்: குளியலறையை. வழவழப்பான தரை ஓடுகளை எடுத்துவிட்டுச் சொரசொரப்பானவற்றைப் பதியுங்கள்; கழிப்பிடத்தின் பக்கச் சுவரில், செங்கல்லுக்குள் இறங்கும் திருகாணிகளால், உங்கள் முழு எடையைப் போட்டுத் தொங்கினாலும் அசையாத கைப்பிடி ஒன்றைப் பொருத்துங்கள். படுக்கையிலிருந்து அங்கே போகும் வழியில் மங்கலான மஞ்சள் விளக்கு இரவு முழுவதும் எரியட்டும்; கூசும் வெள்ளை விளக்கைப் போட்டால் கலைந்த தூக்கம் திரும்பாது. வழியிலுள்ள கால்மிதியை எடுத்துவிடுங்கள். குளியலறைக் கதவுத் தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வீட்டுச் சாவி ஒன்று அடுத்த வீட்டில் இருக்கட்டும்.