வீட்டு வேலையும் வெளியூர்ப் பயணமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: செங்கல் சுவரில் புத்தகப் பலகை மாட்டி மூன்று மாதம்தான் ஆகிறது. மேல் ஸ்குரூ, அதைப் பிடிக்க ஓட்டைக்குள் செருகிய பிளாஸ்டிக் பிளக்கோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அதே ஓட்டையில் மறுபடி மாட்டலாமா?

கையில் வந்த பிளக்கை முதலில் நன்றாகப் பாருங்கள். அதில் பூச்சின் சாம்பல் நிறத் தூள்தான் ஒட்டியிருக்கிறது, செங்கல் தூள் நுனியில் மட்டும் என்றால், காரணம் அதிலேயே தெரிந்துவிட்டது. சுவர்ப் பூச்சே 12 முதல் 20 மி.மீ. வரை இருக்கும். பூச்சு தடிமனான இடத்தில் 30 மி.மீ. நீளமுள்ள சிறிய பிளக்கைப் போட்டால் பாதிக்கு மேல் பூச்சிலேயே நின்றுவிடும். பூச்சு பாரம் தாங்காது, செங்கல்தான் தாங்கும்.

8 மி.மீ. டிரில் பிட், 40 மி.மீ. நீள பிளக், 5 × 50 மி.மீ. ஸ்குரூ வாங்குங்கள். ஓட்டை 55 மி.மீ. ஆழம் போக வேண்டும். பிட்டில் அந்த அளவில் டேப் சுற்றிக்கொண்டால் கணக்குத் தவறாது. பூச்சைத் தாண்டும்வரை டிரில்லில் ஹேமர் மோட் (தட்டிக்கொண்டே துளைப்பது) வேண்டாம், ஓரம் பெயர்ந்துவிடும். தூளின் நிறம் மாறியதும் செங்கலைத் தொட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். பிட் திடீரென்று முன்னால் ஓடினால் உள்ளே வெற்றிடம். அங்கே சாதாரண பிளக் பிடிக்காது, ஹாலோ பிளாக் சுவருக்கென்று விற்கும் விரியும் பிளக்தான் வேண்டும். சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் துளையிடவே கூடாது; வயர் அந்த வழியாகத்தான் போகும்.

பலரும் விட்டுவிடுவது ஓட்டைக்குள் இருக்கும் தூளை. சைக்கிள் பம்பை வைத்து இரண்டு மூன்று முறை ஊதுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. தூள் கிடந்தால் பிளக் அதன் மேல் வழுக்கும், எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது. சுத்தியலால் லேசாகத் தட்டித் தட்டி பிளக் உள்ளே போனால் சரியான அளவு. விரலால் தள்ளியே போய்விட்டால் ஓட்டை பெரிது. தீக்குச்சியைச் சொருகி இறுக்கும் பழக்கம் பலகைக்கு ஆகாது. குச்சி நொறுங்கி, சில வாரத்தில் மறுபடி ஆடும்.

பழைய ஓட்டையைச் சுற்றிச் சுவர் கெட்டியாக இருந்தால் அதையே 8 மி.மீ. ஆக்கலாம். உதிர்கிறதா? பட்டி வைத்து அடைத்துவிட்டு 5 செ.மீ.யாவது தள்ளிப் போடுங்கள்.

பலகையைத் தாங்கும் ‘L’ வடிவ ஆங்கிளையும் கவனியுங்கள். 30 செ.மீ. அகலப் பலகையில் ஒரு ஆங்கிளுக்கு 10 கிலோ புத்தகம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாரம் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி விழுகிறது. சுவரோடு ஒட்டும் காலில் இரண்டு ஸ்குரூவுக்கும் இடைவெளி 10 செ.மீ.தான் என்றால், மேல் ஸ்குரூவை 15 கிலோ வெளியே இழுக்கும். இடைவெளி 20 செ.மீ. ஆனால் அதே இழுவை ஏழரைக் கிலோவாகக் குறையும். அதனால்தான் மேல் ஸ்குரூ முதலில் போனது. நீளமான கால் சுவர்ப் பக்கம் இருக்கட்டும்.

கேள்வி: சிங்க்கைச் சுற்றி இடுக்கை அடைக்கப் போட்ட சிலிகான் கறுத்துவிட்டது. மேலே புதிதாக ஒரு கோட் அடித்தேன், அதுவும் உரிந்துவிட்டது.

காய்ந்த சிலிகான் மேல் புதியது ஒட்டாது. பழையதை பிளேடால் முழுக்கச் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரு நாள் ஈரம் படாமல் காயவிடுங்கள். உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சை மறுபடி அங்கிருந்தே வரும். இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, சிலிகான் டியூபின் நாசிலைச் சாய்வாக வெட்டி, நிறுத்தாமல் ஒரே இழுப்பில் போடுங்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒருமுறை நீவி, ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரித்துவிடுங்கள். காய்ந்தபின் உரித்தால் ஓரமும் சேர்ந்து கிழியும். 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. சமையல் மேடை மார்பிள் என்றால் வினிகர் வாடை அடிக்கும் ரகம் வேண்டாம், அந்த அமிலம் கல்லை அரிக்கும். ‘நியூட்ரல்’ என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஒருநாள் வெளியே போகும்போது ஐஸ் பாக்ஸில் வைத்த சாப்பாடு மதியத்துக்குள் கெட்டுவிடுகிறது. ஐஸ் நிறையத்தான் போடுகிறோம்.

சூடு ஆறாத சாப்பாட்டை உள்ளே வைத்தால் ஐஸ் அதைக் குளிர்விப்பதிலேயே கரைந்துவிடும். முந்தின இரவே அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து, ஃபிரிட்ஜில் குளிரவிட்டுப் பிறகு எடுத்து வையுங்கள். குளிர்ந்த காற்று கீழே இறங்கும், ஆகவே ஐஸில் ஒரு பங்காவது மேலே இருக்க வேண்டும். உறைய வைத்த தண்ணீர் பாட்டில் உதிரி ஐஸைவிட நேரம் தாங்கும். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் பெருகுவதால், பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பாதீர்கள். குடிக்கும் தண்ணீருக்குத் தனிப் பெட்டி வையுங்கள். பிள்ளைகள் நொடிக்கொருமுறை திறப்பது அதைத்தான். உள்ளே 5 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. வெளியே எடுத்த உணவு இரண்டு மணி நேரம் கடந்தால், கடும் வெயிலில் ஒரு மணி நேரம் கடந்தால், வாசனை நன்றாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: காரில் ஏறியதும் ஆறு வயதுப் பிள்ளைக்கு வாந்தி. என்ன செய்யலாம்?

உடம்பு அசைவதைக் காது உணர்கிறது, கையிலுள்ள போனைப் பார்க்கும் கண்ணுக்கு அது தெரிவதில்லை. அந்த முரண்தான் குமட்டுகிறது. போனை வாங்கி வைத்துவிட்டு, தூரத்தில் ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்சீட்டில் பிள்ளைக்கு ஏற்ற இருக்கையில் முன்பக்கம் தெரியும்படி உட்கார வையுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். முகம் வெளுத்து, கொட்டாவி வர ஆரம்பித்தாலே ஓரமாக நிறுத்திக் கொஞ்சம் நடக்க விடுங்கள்.