கடைப்படியும் மூட்டையும்

அன்புள்ள ஐயா,

வேலூரில் பழைய பஸ் நிலையத்துக்கு அருகில் ரெடிமேட் துணிக்கடை நடத்துகிறேன். எங்கள் தெருக் கடைக்காரர்கள் சேர்ந்து மாநகராட்சிக்கு ஒரு மனு கொடுக்கப் போகிறோம். இரவில் கடைப்படிகளில் படுப்பவர்களையும், பகலில் அவர்கள் விட்டுவிட்டுப் போகும் மூட்டை முடிச்சுகளையும் அப்புறப்படுத்த வேண்டும் என்பது கோரிக்கை. நானும் கையெழுத்துப் போட்டேன். போட்டதிலிருந்து மனது ஒரு நிலையில் இல்லை.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கும் முன் மூத்திர நாற்றத்தைக் கழுவுவது நான்தான், எழுத்தாளர்கள் அல்ல. பெண் வாடிக்கையாளர்கள் படியேறத் தயங்குகிறார்கள். படுப்பவர்களில் பாதிப் பேர் குடிகாரர்கள், பலர் வடக்கிலிருந்து வந்தவர்கள். காப்பகத்துக்கு அழைத்துப் போனால் இரண்டாம் நாளே திரும்பி வந்துவிடுகிறார்கள். மனநிலை சரியில்லாத ஒரு பெண் வாசலில் நின்று கத்துகிறார். காவலரிடம் சொன்னால் ‘நாங்கள் என்ன செய்ய முடியும்’ என்கிறார். இவர்களுக்குக் காசு கொடுப்பது சரியா, தவறா? கொடுத்தால் கூட்டம் கூடுகிறது, கொடுக்காவிட்டால் உறுத்துகிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், வேலூர்)

அன்புள்ள நண்பருக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூக்கம் கெட்டவர் நீங்கள் ஒருவராவது இருக்கிறீர்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் உங்களைத் தட்டிக்கொடுப்பதற்காக இந்தப் பதிலை எழுதவில்லை. அந்த மனுவில் மூட்டைகளையும் சேர்த்திருக்கிறீர்கள். கொஞ்ச நாட்களாக நான் நினைத்துக்கொண்டிருப்பதே அதைப் பற்றித்தான். அதற்கு வருகிறேன். முதலில் மற்றவற்றைத் தள்ளிவிடுகிறேன்.

குடிகாரர்கள். இருக்கிறார்கள். உங்கள் வியாபாரிகளிலும் இருப்பார்கள். அவர்களுக்குப் போய் விழ ஒரு வீடு இருக்கிறது, அவ்வளவுதான்.

வடக்கத்தியர். வேலூரில் கடை வைத்திருக்கும் ஒருவர் இதைப் புகாராக எழுதலாமா? காந்தி ரோட்டில் வங்காள எழுத்தில் பலகை மாட்டியிருப்பது யாருக்காக? கடுகெண்ணெயில் மீன் பொரிக்கும் மெஸ்களும், சந்துக்குச் சந்து நிற்கும் லாட்ஜுகளும், நள்ளிரவு வரை திறந்திருக்கும் மருந்துக் கடைகளும் யாருடைய பணத்தில் நடக்கின்றன? 1900-இல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய வைத்தியசாலையை, இன்றைய சி.எம்.சி. மருத்துவமனையை நம்பித்தான் இந்த ஊரின் பெரும்பகுதி வியாபாரம் இன்றும் நடக்கிறது. ஜார்க்கண்டிலிருந்து ஒருவர் மனைவியின் அறுவை சிகிச்சைக்கு நிலத்தை அடமானம் வைத்துவிட்டு வந்து காட்பாடியில் இறங்குகிறார். கையில் பணம் இருக்கும்வரை அவர் ‘பார்ட்டி’. பணம் தீர்ந்து அறையைக் காலி செய்து, அடுத்த பரிசோதனைத் தேதிவரை உங்கள் படியில் துண்டை விரித்தால் வடக்கத்தியர் ஆகிவிடுகிறார். உங்கள் வாசலில் படுத்திருப்பவர்களில் எத்தனை பேர் நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள் என்று நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். கேளுங்கள். ஹிந்தி தெரியாது என்று சொல்லாதீர்கள், வியாபாரத்துக்குத் தெரிகிற ஹிந்தி இதற்கும் போதும்.

மூத்திர நாற்றம். இதில் உங்கள் கோபம் நியாயமானது. வாளியைத் தூக்குகிறவருக்குத்தான் அதன் கனம் தெரியும். ஆனால் இரவு பதினொரு மணிக்கு மேல் அந்தப் பகுதியில் காசில்லாதவர் போகக்கூடிய ஒரு கழிப்பறையை எனக்குக் காட்டுங்கள். உங்கள் கடையில் வேலை பார்க்கும் பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா? கோபித்துக்கொள்ளாதீர்கள். ஜவுளிக்கடைப் பெண்கள் வேலை நேரத்தில் உட்கார்ந்துகொள்ளலாம் என்பதற்கே 2021-இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டத்திருத்தம் தேவைப்பட்டது. சொந்த ஊழியருக்கு நாற்காலி போடச் சட்டத்தை எதிர்பார்த்தவர்கள் தெருவில் படுப்பவரிடம் சுகாதாரம் எதிர்பார்க்கிறோம்.

அந்தப் பெண்ணைப் பற்றி. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவை ஒரு தாளில் அச்சிட்டுக் கல்லாவில் வைத்துக்கொள்ளுங்கள். மனநோயோடு தெருவில் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்ப்பது காவல்துறையின் கடமை. வீடில்லாதவர் என்றால் காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டியதும் அவர்கள்தான். ‘நாங்கள் என்ன செய்ய முடியும்’ என்கிற அந்தக் காவலரிடம் அந்தத் தாளைக் கொடுங்கள். சண்டை வேண்டாம், தாள் போதும்.

காப்பகம். ஒரு லட்சம் பேருக்கு நூறு பேர் தங்கும் நிரந்தரக் காப்பகம் வேண்டும், அது நாள் முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த விதி. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி வேலூர் மாநகராட்சிக்கு ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் நாளே திரும்பி வந்துவிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நேதாஜி மார்க்கெட்டில் விடியுமுன் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவருக்கு ஊரின் மறுகோடியில் கட்டில் கொடுத்தால் எப்படி வருவார்? கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம் என்றால் நீங்கள் போவீர்களா?

வாடிக்கையாளர் தயங்குகிறார் என்பது இந்த ஊரில் பழைய பாட்டு. பால் பிராண்ட் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் 1946-இல் வேலூருக்கு வந்து தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்தினார். உலகமே திரும்பிப் பார்த்த வேலை. கை நிமிர்ந்தவர்கள் ஊருக்குள் போனார்கள். பார்க்கப் பரிதாபமாக இல்லாததால் பிச்சை விழவில்லை. பழைய நோயாளி என்பதால் வேலையும் கிடைக்கவில்லை, தங்க இடமும் கிடைக்கவில்லை. கடைசியில் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே அவர்கள் தங்கித் தொழில் கற்க ஒரு சிறு குடியிருப்பு கட்ட வேண்டியதாயிற்று. அதற்குப் பின் 1955-இல் கரிகிரி தொழுநோய் மருத்துவமனை வந்தது. சிகிச்சையை மருத்துவமனை கொடுத்தது. படியேற விடும் வேலை ஊருடையது, ஊர் அதைச் செய்யவில்லை.

இனி மூட்டைக்கு வருகிறேன்.

சிறு வயதில் வேலூர் லாங்கு பஜாரில் ஒரு தானிய மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஆம்பூர் ஆயா என்று ஒருவர் அந்தக் கடைப்படியில் படுப்பார். கொக்கி போட்டு மூட்டை இறக்கும்போது ஓட்டை வழியாகச் சிந்தும் துவரையையும் உளுந்தையும் கூட்டி, முறத்தில் புடைத்து, மண்ணும் கல்லும் நீக்கிக் கொடுப்பது அவர் வேலை. கூலி கிடையாது. புடைத்ததில் ஒரு பங்கு அவருக்கு, அதையும் முதலாளி படியால் அளந்துதான் கொடுப்பார். நல்லவர் என்று சொல்லமாட்டேன். மற்றவர்கள் படுக்காமலிருக்கக் கடை மூடும் நேரத்தில் படியில் தண்ணீர் ஊற்றச் சொல்கிறவர் அவர். சித்திரை, வைகாசியில் அந்தக் கல் ஊற்றிய தண்ணீரை உடனே குடித்துவிடும் என்பது வேறு விஷயம். வேலூர் வெயில் ஏழைகளுக்குச் செய்த ஒரே உதவி அது.

ஆனால் ஆயாவின் மூட்டை பகலெல்லாம் கடைக்குள், வெல்ல மண்டைகளுக்குப் பின்னால் இருக்கும். “இது என்ன சத்திரமா, இன்றோடு எடுத்துக்கொண்டு போய்விடு” என்று முதலாளி தினமும் கத்துவார். ஆயா தினமும் அதே இடத்தில் வைப்பார். ஒரு ஆயுத பூஜையன்று தராசு, படிக்கல், கோணூசி, கணக்குப் புத்தகம் என்று ஒவ்வொன்றாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தேன். மூட்டையருகில் வந்ததும் கை நின்றது. “அதற்கும் வை. கடைக்குள் இருக்கிறது அல்லவா” என்றார் முதலாளி, தலையைத் தூக்காமலே. வைத்தேன். சாயங்காலம் ஆயா வந்து, வெள்ளை வேட்டித் துணியில் கறை பண்ணிவிட்டாயே என்று என்னைத் திட்டித் தீர்த்தார்.

அந்த மூட்டையில் அலுமினியத் தட்டு ஒன்று, இரண்டு சேலை, ஒரு பாகப் பத்திரத்தின் நகல், வக்கீல் குமாஸ்தா எழுதிக் கொடுத்த வாய்தாச் சீட்டுகள். ஆம்பூர் பக்கத்தில் இருந்த கொஞ்ச நிலத்துக்காகக் கொழுந்தன் மகன்களோடு வழக்கு. சீட்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டி, “தேதி என்ன, படி” என்பார். தேதியன்று தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு கோர்ட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

முதலாளி வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது, கடை பூட்டியிருந்தது. மூட்டை படியில் கிடந்தது. அமைச்சர் யாரோ வருகிறார் என்று தெருவைத் துப்புரவு செய்தார்கள். குப்பை வண்டி அதையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஆயா குப்பைமேட்டுக்குப் போய்க் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார் என்று சுமை தூக்குகிறவர்கள் வந்து சொன்னார்கள். கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னிடம் தேதி கேட்டதே இல்லை. பத்திரத்துக்கு வேறு நகல் வாங்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். முறத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

உங்கள் மனுவைப் படித்தபோது எனக்கு அந்த வண்டிதான் நினைவுக்கு வந்தது. மனிதர்களை அப்புறப்படுத்துவது எளிதல்ல என்று உங்களுக்கும் தெரியும், மாநகராட்சிக்கும் தெரியும். எழுப்பினால் அடுத்த தெருவுக்குப் போவார், மறுநாள் திரும்புவார். ஆகவே நடக்கப்போவது ஒன்றே ஒன்று. அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் மூட்டை போகும். பம்பாய் நடைபாதைவாசிகளுக்காக ஓல்கா டெல்லிஸ் என்ற பத்திரிகையாளர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985-இல் தீர்ப்புச் சொன்னது. நடைபாதையில் குடிசை போட உரிமை இல்லை என்றுதான் சொன்னது. ஆனால் பிழைப்பும் வாழ்வுரிமையைச் சேர்ந்தது, ஆகவே முன்னறிவிப்புக் கொடுத்து அவர் பேச்சைக் கேட்காமல் அகற்றக் கூடாது என்றும் சொன்னது. குடிசைக்கே நோட்டீஸ் வேண்டும். மூட்டைக்கு யார் நோட்டீஸ் கொடுக்கிறார்கள்?

இன்று அதற்குள் என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? ஆதார் அட்டை இருக்கிறது. அது போனால் மாதாந்திர முதியோர் உதவித்தொகைக்கு அவர் ஒவ்வொரு படியாக ஏறி இறங்க வேண்டும். முகவரி கேட்பார்கள், உங்கள் கடைப்படியையா சொல்வார்? பிளாஸ்டிக் உறையில் மருத்துவமனைக் கோப்பு இருக்கிறது, எக்ஸ்ரே இருக்கிறது. காசநோய்க்காரர் என்றால் ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரை இருக்கிறது. பாதியில் நின்றால் அந்த மருந்துக்கே மசியாத நோயாகத் திரும்பி வரலாம். அது உங்கள் ஷட்டரைப் பார்த்து நிற்காது. மனநோய் மாத்திரையும் அப்படித்தான். அந்தப் பெண்ணின் பை எங்கே போயிற்று என்று யாராவது விசாரித்தீர்களா?

இந்த ஊரில் மோட்டார் சைக்கிளுக்கு ஸ்டாண்டு இருக்கிறது. கோயில் வாசலில் செருப்புக்குக் காப்பகம் இருக்கிறது, டோக்கன் கொடுத்து வாங்கி வைக்கிறார்கள். ரயில் நிலையத்தில் பொருள் வைக்கப் போனால் டிக்கெட்டைக் காட்டு, பெட்டியைப் பூட்டு என்பார்கள். துணி மூட்டைக்கு எப்படிப் பூட்டுப் போடுவது? ஆகவே கடைப்படியில் வைக்கிறார். மூட்டை இருக்கும் இடத்தில்தான் ஆள் படுப்பார். உங்கள் படி காலியாக வேண்டும் என்பது உண்மையான விருப்பமானால், மூட்டைக்கு இடம் கேளுங்கள். வேறு வழியில் அது நடக்காது.

மனு இன்னும் கொடுக்கப்படவில்லை என்றால் ‘மூட்டை முடிச்சுகளை’ என்ற பகுதியை அடித்துவிட்டு இதை எழுதுங்கள்: பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை, எண் போட்ட தட்டுகள், காலையும் இரவும் திறந்துவிட ஓர் ஆள், பக்கத்திலேயே இரவு முழுவதும் காசு வாங்காத கழிப்பறை. ஆள் சம்பளத்தை மாநகராட்சி கொடுக்க யோசித்தால் கடைக்காரர்கள் பிரித்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்குச் சரவிளக்கு போடத் தெருவே சேர்ந்து வசூலிக்கிறீர்கள் அல்லவா, அந்த ரசீதுப் புத்தகமே போதும். சங்கத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

காசு கொடுக்கலாமா என்று வேறு கேட்டிருந்தீர்கள். கொடுக்கத் தோன்றினால் கொடுங்கள், தோன்றாவிட்டால் விடுங்கள். அவர் அதை என்ன செய்கிறார் என்று பின்னாலேயே போய்ப் பார்க்காதீர்கள்.

திருத்திய மனுவின் நகலை அனுப்புங்கள். அந்த வரிகள் இருந்தால் வெளியூர்க்காரனின் கையெழுத்து செல்லுமோ செல்லாதோ, நானும் போடுகிறேன்.

அன்புடன்.